கெடப்போவது முதலில்

காலை ஆறு மணி ஆனதும் பனியடியில் எல்லோருடைய ஈரலும் பேச ஆரம்பிக்கும்.

பனியடி என்பது ஊரின் பெயர். வியாழனைச் சுற்றிவரும் கலிஸ்டோ நிலவில், நாற்பது மீட்டர் பனிக்குக் கீழே குடைந்த சுரங்கங்களில் தொள்ளாயிரம் பேர் வசித்தார்கள். அங்கே பிறக்கிற குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்களோ இல்லையோ, முதல் வாரத்திலேயே ஈரல்மணியை வைத்துவிடுவார்கள். மிளகு அளவுள்ள கருவி. கல்லீரலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ரத்தத்தில் ஓடும் நஞ்சு, கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றையும் அளந்து, விடிந்ததும் காதுமடலில் பதித்த ஒலிவில்லை வழியாகச் சத்தமாக ஒப்பிக்கும். ஒரே காற்றைச் சுத்தம் செய்து சுத்தம் செய்து மூச்சுவிடும் ஊரில் ஒருவர் உடம்பு எல்லோருடைய காரியம் என்பது முதல் குடியேறிகள் போட்ட சட்டம். அதனால் நேற்று யார் திருட்டுத்தனமாக இனிப்பு தின்றார்கள் என்பது ஆறு மணி இரண்டு நிமிடத்துக்குள் அடுத்த வீட்டுக்குத் தெரிந்துவிடும். அங்கே அதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

அன்று காலை தங்கையாவின் ஈரல் முதலில் பேசியது.

"வணக்கம். கொழுப்பு சரி. சர்க்கரை சரி. பூஞ்சை நஞ்சு எட்டு. நேற்றைவிட ஒன்று கூடுதல்."

தங்கையா சுரங்கம் குடைகிறவர். பாறைக்கும் பனிக்கும் அஞ்சாத மனிதர், இந்த எட்டைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்த மனைவி செண்பகவல்லியின் ஈரல் "ஒன்பது" என்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் எட்டு கேட்டது. எதிர்வீட்டில் ஒன்பது, அதற்கடுத்த வீட்டில் அழுகிற குழந்தையின் ஆறு. மூன்றைத் தாண்டினால் ஆபத்து என்பது பனியடியில் பள்ளிக்கூடப் பாடம்.

"உன் பூண்டுதான் காரணம்னு ஊரே பேசுது" என்றார் தங்கையா. "சுரங்கத்துல என் காதுபடவே சொல்றானுங்க."

"சொல்றவன் ஒரே ஒரு வேளை பூண்டு இல்லாம பாசிக்களி தின்னு பாக்கட்டும்" என்றாள் செண்பகவல்லி.

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. பனியடியின் மூன்று வேளைச் சாப்பாடும் தொட்டியில் வளரும் பாசியைக் கிண்டிய களிதான். நிறம் பச்சை, வாசனை ஈரத் துணி. அதை மனிதர்கள் இத்தனை வருடமாகத் தின்று உயிரோடிருந்தார்கள் என்றால், அதற்குக் காரணம் மேலே தாளித்துக் கொட்டிய பூண்டு. விளக்கொளியில், பனியை உருக்கிய நீரில் வளரும்படி அந்த ரகத்தைப் பல வருடம் பாடுபட்டுப் பழக்கியவள் செண்பகவல்லி. செங்குளிர் என்று அதற்குப் பெயர் வைத்தவளும் அவள்தான். பக்கத்து நிலவுகளில் இருந்த மூன்று குடியிருப்புகளுக்கும் பூண்டு பனியடியிலிருந்துதான் ஆளில்லாக் கலங்களில் போனது. அவளுடைய கிடங்கில், பூஜ்ஜியம் பாகை உலர்குளிரில், பதினான்கு அடுக்குகளில் நாலு லட்சம் பூண்டு வலைகளில் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த விதைப்புக்கான விதைப்பூண்டும் அதில்தான் இருந்தது. பூண்டுக்கு வேறு விதை கிடையாது. பல்லை ஊன்றினால்தான் பயிர்.

காலை எட்டு மணிக்கு ஊர்த்தலைவர் அருளப்பன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மருத்துவர் ஜெஸிந்தாவும் அங்கே இருந்தார். மேசைமேல் பத்துப் பூண்டு உரித்துக் கிடந்தது. எல்லாம் வெள்ளை வெளேரென்று, குண்டு குண்டாக, பார்க்கவே ஆசையாக இருந்தன.

"பொதுச்சமையலறையில இருந்து எடுத்தது" என்றார் ஜெஸிந்தா. "வெளியில ஒரு புள்ளிகூட இல்ல. ஆனா பத்துலயும் நஞ்சு இருக்கு, செண்பகம். பூஞ்சை பல்லுக்குள்ள, அடித்தட்டுல குடியிருக்கு. அழுகல் வெளிய தெரியறதுக்கு முன்னாடியே நஞ்சைக் கக்கிடுது. வேகவெச்சாலும் போகாது, வறுத்தாலும் போகாது."

"பத்துக்குப் பத்தா?"

"பத்துக்குப் பத்து."

அருளப்பன் நல்ல மனிதர்தான், ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர். வெளிக்கோள் உணவுச் சட்டத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை: பொதுச்சமையலறையில் நஞ்சு கண்டால், அது வந்த கிடங்கு முழுவதையும் மூன்றாம் நாள் நண்பகலுக்குள் எரித்துவிட வேண்டும். விதையும் சேர்த்து. அதுவரை பூண்டுச் சமையல் நிறுத்தம்.

"அண்ணே, விதையையும் எரிச்சா மறுபடி பூமியில இருந்து வர ஆறு வருஷம் ஆகும். வந்தாலும் அது இந்தப் பனியில முளைக்காது."

"தெரியும்மா. நான் என்ன சந்தோஷமாவா சொல்றேன்? எல்லாருக்கும் ஈரல் வேணுமில்ல? கிடங்கு சுத்தம்னு நிரூபிச்சுக் காட்டு, விட்டுடறேன். மூணு நாள் இருக்கு."

செண்பகவல்லி அலுவலகத்தைவிட்டு வெளியே வந்து தோட்டத்துப் பக்கம் நடந்தாள். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை ஒரு குறையாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. செங்குளிர் முளைவிடும் மாதத்தில் மட்டும் தோட்டத்திலேயே சாப்பிட்டுத் தோட்டத்திலேயே படுத்துக்கொள்வாள். இப்போது அதை எரியுலையில் போடச் சொல்கிறார்கள்.

முதல் நாள் அவள் கிடங்கில் பதின்மூன்று அடுக்குகளிலிருந்தும் ஐந்நூறு பூண்டை எடுத்துச் சோதித்தாள். பதினான்காவது அடுக்கு சமையலறைக்கு அனுப்புவதற்காகப் பிரித்து வைத்தது. அது சமையலறைச் சரக்கு என்பதால் அதைத் தொடவில்லை. ஐந்நூற்றில் ஒன்றில்கூட நஞ்சு இல்லை. கருவி பழுதாகிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு வேறு கருவியில் போட்டாள். அப்போதும் இல்லை.

கிடங்கு சுத்தம், சமையலறை அழுக்கு என்றால் குற்றவாளி யார் என்று சொல்லவா வேண்டும்? நேராகப் பொதுச்சமையலறைக்குப் போய்த் தலைமைச் சமையற்காரர் காதர் மைதீனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஈரத்துல போட்டு வெச்சிருக்கீங்களாண்ணே?"

காதர் மைதீன் கரண்டியைக் கீழே வைத்தார். அவர் கரண்டியைக் கீழே வைத்தால் அடுப்படியே அமைதியாகிவிடும்.

"இங்க பாரு தாயி. காலையில ஏழு மணிக்கு உன் கிடங்குல இருந்து குழாய் வழியா வந்து விழுது. எட்டுக்கு உரிச்சாச்சு. பத்துக்குச் சட்டியில. மூணு மணி நேரத்துல பூஞ்சை எப்படிப் பூக்கும்? எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா? அதுவும் இந்த ஆறு மாசமா நீ அனுப்புற சரக்கைப் பாத்துக் கண்ணு வெச்சிடக் கூடாதுன்னு இருக்கேன். முன்னாடியெல்லாம் அழுகின பக்கத்தை வெட்டி எறியவே ரெண்டு ஆள் வேணும். இப்ப வெட்டுறதுக்கே வேலை இல்ல, அவ்வளவு அழகா வருது."

இரண்டாம் நாள் குழாயைச் சோதித்தாள். குழாயும் சுத்தம். அன்று பிற்பகல் பக்கத்து நிலவான கனிமீடு குடியிருப்பிலிருந்து செய்தி வந்தது. உங்கள் பூண்டைத்தான் நாங்களும் தின்கிறோம், எங்கள் ஈரல்கள் எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, ஏன் எரிக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அருளப்பன் அதைப் படித்துவிட்டு, "அவங்களுக்கு நம்ம முதல் தரத்தை அனுப்பறோம், அதான்" என்று சாதாரணமாகச் சொன்னார். செண்பகவல்லிக்கு அந்த வார்த்தை முள்மாதிரி எங்கேயோ குத்தியது. எங்கே என்று அப்போது பிடிபடவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கிடங்குக்குப் போனாள். எரியுலையை ஆட்கள் சூடேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். பனிச்சுவர் வழியாக அதன் உறுமல் கேட்டது. கிடங்கில் மோப்பன் வழக்கம்போல் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மோப்பன் ஓர் எந்திரன். ஆறு கால், இரண்டு மென்கை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய மூக்கு. கண்ணில்லாவிட்டாலும் அதற்குக் குறை தெரியாது. நாலு லட்சம் பூண்டையும் வாரம் ஒருமுறை முகர்ந்து, எது அழுகத் தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது அதன் வேலை. ஆறு மாதத்துக்கு முன் அதற்குப் புது மூக்கு மாட்டியிருந்தார்கள். பழைய மூக்குக்கு அழுகிய பிறகுதான் தெரியும். புது மூக்கு, அழுகுவதற்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடும். அந்த மூக்கு வந்த நாளிலிருந்து கிடங்கில் ஒரு பூண்டுகூட வீணாகவில்லை. அதற்காக வெளிக்கோள் சங்கம் செண்பகவல்லிக்கு வீணின்மைப் பதக்கம் கொடுத்தது. கிடங்கின் வாசலில் அதை மாட்டியிருந்தாள்.

அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். மோப்பன் மூன்றாவது அடுக்கைக் கடந்தது. அருமையான பூண்டுகள். முகர்ந்தது, விட்டது. முகர்ந்தது, விட்டது. பிறகு ஒன்றை மட்டும் வலையிலிருந்து பிரித்தெடுத்துப் பதினான்காவது அடுக்கில் கொண்டுபோய் வைத்தது. அதுவும் மற்றவற்றைப் போலவே அருமையாகத்தான் இருந்தது.

"அதை மட்டும் ஏன் எடுத்தே?"

"இன்னும் இருபது நாளில் இது அழுகிவிடும், அம்மா. உள்ளே பூஞ்சை வந்துவிட்டது. ஆகவே சமையலுக்கு."

செண்பகவல்லி அந்தப் பூண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"சமையலுக்கு எப்பவும் இப்படித்தான் எடுக்கிறியா?"

"எப்போதும் இப்படித்தான். கெடப்போவது முதலில். அதற்கும் முன் கெடப்போவது அதற்கும் முதலில்."

"யாரு சொன்னது உனக்கு?"

மோப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது கட்டளை கொடுத்தால் அதை அவர்கள் குரலிலேயே பத்திரமாக வைத்துக்கொள்ளும். இப்போது அந்தப் பழைய குரலை ஒலிக்கவிட்டது. பதினோரு வருடத்துக்கு முந்தைய செண்பகவல்லி, மோப்பன் வேலைக்கு வந்த முதல் வாரம், ஏதோ அவசரத்தில் போகிறபோக்கில் சொன்னது:

"நல்லதைத் தொடாதே. அது இருக்கட்டும். கெடப்போறதை முதல்ல சமையலுக்கு அனுப்பு, வீணாப் போயிடப் போவுது."

அவள் அப்படியே வலைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாலு லட்சம் பூண்டில் ஒரு சமயத்தில் பூஞ்சை பிடிப்பது முந்நூறு இருக்கும். அந்த முந்நூறையும் ஒன்றுவிடாமல் மோப்பனை விட்டு மோந்து பிடித்து, வரிசை தவறாமல், நாளுக்கு அறுபதாக, ஆறு மாதமாக ஊரின் வயிற்றுக்குள் அனுப்பியிருக்கிறாள். பழைய மூக்கு இருந்தபோதாவது அழுகல் கண்ணுக்குத் தெரிந்தது. காதர் மைதீனின் ஆட்கள் வெட்டி எறிந்தார்கள். புது மூக்கோ பூஞ்சை வெளியே தெரியும் முன்பே பிடித்துக் கொடுத்தது. நல்லதெல்லாம் கனிமீட்டுக்குப் போயிற்று. மிச்ச நல்லது வலையில் தொங்கியது. அழுகிற குழந்தையின் ஈரல் சொன்ன அந்த ஆறு அவள் காதில் மறுபடி ஒலித்தது, அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடிந்ததும் அடுத்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் எழுந்து ஓடினாள்.

ஊர் மன்றத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. நண்பகலுக்கு இன்னும் ஒரு மணி நேரம். அருளப்பன் எரிப்பு உத்தரவைக் கையில் வைத்திருந்தார்.

"தப்பு என்னுதுதான்" என்று செண்பகவல்லி சொன்னாள். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். புது மூக்கு, பதினான்காவது அடுக்கு, பதினோரு வருடத்துக்கு முந்தைய தன் வாய்வார்த்தை, எதையும் மறைக்கவில்லை. கிடங்கு வாசலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த பதக்கத்தை மேசைமேல் வைத்தாள். "என்னை என்ன வேணா பண்ணுங்க. பூண்டை எரிக்காதீங்க."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. சிலர் திட்டினார்கள். திட்டாதவர்கள் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

"சரிம்மா" என்றார் அருளப்பன். "சமையலுக்கு வந்தது கெட்டது. ஒத்துக்கறேன். கிடங்குல மிச்சம் இருக்கிறது?"

"அண்ணே, இந்தச் சூரியனைச் சுத்துற எந்த ஊருலயும் அதைவிடச் சுத்தமான பூண்டு கிடையாது. எப்படி இருக்கும்? கெட்டதையெல்லாம்தான் நாம பொறுக்கிப் பொறுக்கித் தின்னு தீர்த்துட்டோமே!"

காதர் மைதீன் சிரித்தார். அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தார். அது பக்கத்தில் இருந்தவருக்குத் தொற்றி, அங்கிருந்து பின்வரிசைக்குப் போயிற்று.

அருளப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "சோதிச்சது நீ. உன் கருவி. சட்டம் வேற ஆளோட சாட்சி கேக்கும்."

"என் ஈரல் சொன்னா ஒத்துப்பீங்களா?"

ஈரல்மணியை யாராலும் ஏமாற்ற முடியாது. கேட்டால், தின்ற அரை மணியில் ரத்தத்தில் இறங்கிய நஞ்சைச் சொல்லிவிடும். அதைச் சட்டமும் சாட்சியாக ஏற்றுக்கொண்டிருந்தது. ஜெஸிந்தாவே கிடங்குக்குப் போய், பதின்மூன்று அடுக்குகளிலிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பூண்டு எடுத்து வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பல். பதின்மூன்று பச்சைப் பல்லை ஊர் பார்க்க ஒருவர் மென்று விழுங்குவது சாதாரணக் காரியமில்லை. நாலாவது பல்லில் கண்ணில் நீர் வந்தது. ஏழாவதில் மூக்கு ஒழுகியது. பத்தாவதில் தங்கையா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "குடும்மா, மிச்சத்தை நான் திங்கறேன்" என்றார். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் பதின்மூன்றையும் முடித்தாள்.

அரை மணி நேரம் நானூறு பேர் ஒரு பெண்ணின் வயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எரியுலை உறுமியது. அருளப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், உத்தரவைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். நண்பகலுக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது செண்பகவல்லியின் காதோரம் ஒலிவில்லை உயிர்பெற்றது.

"வணக்கம். பழைய நஞ்சு ஒன்பது. புதிதாகச் சேர்ந்தது ஒன்றும் இல்லை. சாப்பிட்டது முதல் தரமான பூண்டு. ஆனால் இவ்வளவு ஒரேயடியாகத் தேவையா?"

மன்றம் அதிர்ந்தது. யாரோ அவளைத் தூக்கிக்கொண்டார்கள். அருளப்பன் உத்தரவை நாலாகக் கிழித்து, கிழித்ததைச் சட்டப்படி பதிவு செய்யச் சொல்லிவிட்டு, அதன் பிறகு அவரும் சிரித்தார். எரியுலைக்குப் போனது பதினான்காவது அடுக்கு மட்டுமே. முந்நூற்றுப் பத்துப் பூண்டு. மோப்பனுக்குப் புதுக் கட்டளையை மன்றமே கூடி எழுதியது: பூஞ்சை கண்டதை எரி, நல்லதைச் சமையலுக்கு அனுப்பு.

அன்று மாலை பனியடி தன் வரலாற்றிலேயே முதல்முறையாகத் தன்னுடைய நல்ல பூண்டைத் தின்றது. காதர் மைதீன் முழுப் பல்லாகப் போட்டுக் குழம்பு வைத்தார். சாப்பிட்டவர்கள் மறுபடி தட்டை நீட்டினார்கள். "இதையா இத்தனை வருஷம் கனிமீட்டுக்காரன் தின்னுக்கிட்டிருந்தான்?" என்று தங்கையா கேட்டபோது அவர் குரலில் நிஜமான பொறாமை இருந்தது. ஒரு மாதம் போயிற்று. காலை ஆறு மணிக்கு ஈரல்கள் நாலு என்றன, மூன்று என்றன, ஒன்று என்றன. அன்று ஆறு என்ற குழந்தையின் ஈரல் "பூஜ்ஜியம்" என்று சொன்ன காலையில் அந்தக் குழந்தையின் தாய் ஓடிவந்து செண்பகவல்லியைக் கட்டிக்கொண்டாள். பதக்கத்தையும் மன்றம் அவளுக்கே திருப்பிக் கொடுத்தது. அதோடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூடை முதல் தரப் பூண்டு பரிசு என்று அறிவித்தது.

கூடைகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது மோப்பன். கடைசிக் கூடையோடு அது செண்பகவல்லி வீட்டுக்கு வந்தபோது அவள் மதியச் சமையலில் இருந்தாள். கூடையை வாங்கித் திறந்து பார்த்தாள். இருபது பூண்டு, முத்து முத்தாக. பெருமை தாங்கவில்லை. கணவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு மூடி, அலமாரியின் மேல்தட்டில், விசேஷத்துக்கென்று வைத்திருந்த நல்ல தட்டுகளுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள்.

"ஏன் மேல வெக்கிறே? இன்னைக்கே ரெண்டு உரிச்சுப் போடேன்" என்றார் தங்கையா.

"இருக்கட்டுங்க. யாராவது வந்தா ஆகும்."

பனியடிக்கு விருந்தாளி யாராவது வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. பூமியிலிருந்து அடுத்த கப்பல் வர இன்னும் ஆறு வருடம் இருந்தது. தங்கையா அதைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு நல்ல தட்டுகளைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார்.

செண்பகவல்லி அடுப்புக்குத் திரும்பி, மூலையில் கிடந்த சின்னக் கிண்ணத்தை எடுத்தாள். பழைய பூண்டு மூன்று அதில் மிச்சமிருந்தது. ஒன்றின் ஓரத்தில் நீலநிறத்தில் கொஞ்சம் பூஞ்சை படர்ந்திருந்தது. கத்தியை எடுத்தாள்.

மோப்பனின் பெரிய மூக்கு அவள் தோளுக்கு மேலே நீண்டது.

"அம்மா, இது எரிக்க வேண்டியது."

"நீ உன் வேலையைப் பாரு. லேசாத்தான் கெட்டிருக்கு. கெட்ட பக்கத்தை மட்டும் வெட்டிட்டா மிச்சம் நல்லாத்தான் இருக்கும். இதை முதல்ல தின்னு தீத்துடுவோம்."

மோப்பன் மூக்கை இழுத்துக்கொண்டது. பிறகு, "சரி அம்மா" என்றது. அவள் சொன்னதை அவள் குரலிலேயே, ஓர் எழுத்து பிசகாமல், புதுக் கட்டளையாகப் பதிந்துகொண்டு கிடங்கை நோக்கிக் கிளம்பியது.